மொட்டை மாடியில் ஒரு கம்பம்!

"உன் அத்தானுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. உடனே கிளம்பி வா!"

2018 மே மாதம், ஒரு வியாழக்கிழமை ராத்திரி. நாகப்பட்டினத்திலிருந்து அக்காவின் போன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தான் சாது. ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். கோபத்தைக்கூட ரசீது போட்டுத்தான் வெளியே விடுவார்.

"என்னக்கா பண்றார்?"

"மொட்டை மாடியில கம்பம் நடப் போறாராம்."

"கொடிக் கம்பமா? ஏதாவது கட்சியில சேர்ந்துட்டாரா?"

"சேர்ந்திருந்தா நாலு காசாவது பார்க்கலாமே! இது ரேடியோவுக்காம். கிட்டத்தட்ட நாற்பது அடி. தெருவே சிரிக்குது."

ரேடியோ கேட்க நாற்பது அடிக் கம்பம் எதற்கு? நான் பி.காம். டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். ரேடியோவில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வால்யூம் குமிழ்தான். இருந்தாலும் அக்கா கையால் மீன் குழம்பு சாப்பிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அடுத்த நாள் ராத்திரி கோயம்பேட்டில் பஸ் ஏறிவிட்டேன்.

பாண்டிச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி... எல்லாவற்றையும் தூங்கியே கடந்தேன். காரைக்கால் தாண்டியபோது விழிப்பு வந்தது. நாகூரில் விடிந்தது. தர்காவின் பெரிய மினாரா விடியல் வெளிச்சத்தில் நிற்கிறது. 131 அடி. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. பக்கத்து சீட் பெரியவர் தூக்கத்திலிருந்து எழுந்து கும்பிட்டார்.

யோசித்துப் பார்த்தால், நாகப்பட்டினத்துக்கும் உயரத்துக்கும் பழைய சம்பந்தம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இங்கே சூடாமணி விகாரம் என்று ஒரு புத்த விகாரம் எழுப்பினார். ஊருக்கு வடக்கே செங்கல்லால் ஆன ஒரு கோபுரம் வெகுகாலம் நின்றது. புதுவெளி கோபுரம் என்பார்கள். கடலில் வரும் கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். 1867-ல் இடித்துவிட்டார்கள். இப்போது அந்த வேலையைக் கலங்கரை விளக்கம் பார்க்கிறது. 'நான் இங்கே இருக்கேன்' என்று தூரத்தில் இருப்பவனுக்குச் சொல்வதற்காகவே உயரமாக எதையாவது கட்டி வந்த ஊர் இது. அத்தான் மட்டும் ஏன் பாக்கி?

பஸ் ஸ்டாண்டில் அத்தான் மொபெட்டுடன் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா மாப்ளே! கரெக்டா வந்தே. கயிறு பிடிக்க ஒரு ஆள் குறையுது."

பைத்தியத்தைத் தெளிவிக்க வந்தவனை உதவிக்கு எடுத்துக்கொண்டார்!

அத்தான் செய்வதற்குப் பெயர் அமெச்சூர் ரேடியோ. சுருக்கமாக ஹாம். இந்த ரேடியோவில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். வீட்டிலிருந்தபடியே உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் இன்னொரு ஹாமோடும் பேசலாம். நடுவில் கம்பெனி இல்லை, கேபிள் இல்லை, மாத பில் இல்லை. ஆனால் இஷ்டத்துக்குப் பேச முடியாது. மத்திய அரசு நடத்தும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்க வேண்டும். பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் போதும், யாரும் எழுதலாம். பாஸானால் 'வி.யூ.' என்று தொடங்கும் ஓர் அழைப்புக் குறி தருவார்கள். அதுதான் காற்றில் உங்கள் பெயர். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசிய பாஷை கூடாது.

அத்தான் நாற்பது வயதுக்கு மேல் படித்துப் பாஸானவர். மைக்கில் 'விக்டர் யூனிஃபார்ம்' என்று அவர் ஆரம்பித்ததும் அக்கா என்னிடம் கேட்டாள்: "யாருடா அந்த விக்டர்? அவன் யூனிஃபார்மைப் பத்தி இவருக்கு என்ன கவலை?"

"ராஜீவ் காந்தியே ஹாம்தான். வி.யூ.2.ஆர்.ஜி.னு அழைப்புக் குறி வெச்சிருந்தார்" என்றார் அத்தான் பெருமையாக.

"அவர் வீட்டு மொட்டை மாடி பெருசு" என்றாள் அக்கா.

மாடிக்குப் போனேன். மாடிப்படி அறையின் சுவரோரம் இரண்டு ஜி.ஐ. பைப்புகள் படுத்திருந்தன. வெறும் பைப் இல்லை. அவற்றுக்கு வரலாறு உண்டு. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி டி.வி. ஆரம்பித்தபோது, சென்னைத் தூரதர்ஷன் எட்டாத இந்தக் கடற்கரையில் பலரும் கம்பம் நட்டு, மீன்முள் மாதிரி ஆண்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். அத்தானின் அப்பாவும் நட்டார். பிறகு கேபிள் வந்தது. ஆண்டெனா பழைய இரும்புக்குப் போனது. பைப் துணி காயப்போடும் கொடிக்குக் காலாக நின்றது. இப்போது மறுபடி வேலைக்கு வந்திருக்கிறது.

(அந்த மீன்முள் ஆண்டெனாவின் பெயர் யாகி. 1920-களில் ஜப்பானில் உருவானது. சோதனைகளில் பெரும்பகுதியைச் செய்தவர் உடா என்பவர். யாகி அவருடைய பேராசிரியர். பெயர் யாருக்குப் போயிற்று பாருங்கள்! ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். கடல் காற்று. நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்தான், இதெல்லாம் எதுக்கு? செல்போன் இருக்கே?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"2004 டிசம்பர் 26 எங்க இருந்தேன் தெரியுமா? கம்பெனி வேலையா திருச்சியில. டீக்கடை டி.வி.யில நாகப்பட்டினம்னு காட்டறான். அப்பா இங்கே தனியா. போன் போட்டா போகலை. ரெண்டு நாள் மாப்ளே... ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்த்தப்ப, அப்பா மாடியில உட்கார்ந்திருக்கார். 'இருக்கேன்'னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வழியில்லாம போச்சு."

சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அத்தானின் அப்பா பிழைத்தது அதிர்ஷ்டம். அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் அத்தான் ஒரு செய்தியைப் படித்திருக்கிறார். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, அந்த டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போய், ஓட்டலில் ஆண்டெனா கட்டி, உலகத்து ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ம் தேதி சுனாமி வந்து தீவுகளில் தொடர்பு அற்றுப் போனபோது, பொழுதுபோக்குக்காகக் கட்டிய அதே ஆண்டெனாதான் செய்தி கொண்டுபோக உதவியது.

"அதைப் படிச்ச அன்னிக்கு முடிவு பண்ணினேன். பரீட்சை எழுத நேரம் பிடிச்சுது, அவ்வளவுதான்" என்றார் அத்தான்.

பைத்தியத்தைத் தெளிவிக்கும் எண்ணத்தை அன்றோடு கைவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு கொத்தனார், அக்கரைப்பேட்டையிலிருந்து இரண்டு மீனவத் தம்பிகள். போட்டில் வி.எச்.எஃப். செட் வைத்திருப்பவர்கள், ஆண்டெனா என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கயிறுகூட வலைக்கடையில் வாங்கியதுதான். உப்புக் காற்றில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலுக்கென்றே செய்த கயிறு தாங்கும். முடிச்சு அவர்கள் பொறுப்பு. "நான் ஒரு வருஷம் புஸ்தகத்துல தேடின முடிச்சை இவன் கண்ணை மூடிட்டுப் போடறான்" என்றார் அத்தான்.

முதல் விதியை எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கரண்ட் கம்பியைத் தொடக் கூடாது. கம்பத்தின் உயரம் எவ்வளவோ அதைவிடப் பத்தடி அதிக தூரமாவது இருக்க வேண்டும். ஆண்டெனா கட்டப் போய் உயிரை விட்டவர்களில் பலர் உயரத்திலிருந்து விழுந்து சாகவில்லை, மின்கம்பியில் பட்டுத்தான் செத்தார்கள். அத்தான் வீட்டுக்கு முன்னால் தெரு முழுக்க ஈ.பி. லைன் ஓடுகிறது. அதனால் கம்பத்தைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்.

இரண்டு பைப்பும் இருபது இருபது அடி. ஒன்றுக்குள் ஒன்றை மூன்றடி செருகி போல்ட் போட்டால் முப்பத்தேழு அடி. அடியில் ஒரு கீல். கதவு மாதிரி மடங்கும். வேண்டும்போது கம்பத்தைப் படுக்க வைக்கலாம். எட்டடி உயரத்தில் மாடிப்படி அறைச் சுவரோடு ஒரு கிளாம்ப். மேலே இரண்டு உயரத்தில் இழுவைக் கயிறுகள். தரையில் ஒரு தாமிரத் தடி அடித்து எர்த். "உப்பு மண்ணு மாப்ளே. எர்த் பிரமாதமா கிடைக்கும். ஆனா இடி இடிச்சா முதல் வேலை, ரேடியோவிலிருந்து ஒயரைக் கழட்டி வெளியே போடறதுதான்."

தூக்கும்போது நான்கு பேருக்கு நான்கு வேலை. ஒருவர் முன்னால் இழுக்க, இரண்டு பேர் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்க, ஒருவர் பின்னால் பிரேக். பிரேக் நான். சுலபமான வேலை என்று கொடுத்தார்கள்.

கம்பம் பாதிக்கு மேல் எழுந்துவிட்டது. அப்போது பார்த்து என் சட்டைப் பையில் போன். எடிட்டர்! கட்டுரை கேட்டு! ஒரு கை பைக்குப் போனது; கயிறு நழுவியது. முப்பத்தேழு அடிக் கம்பம் ஒரு ஆட்டம் ஆடியது பாருங்கள், என் ஜாதகமே கண்ணில் தெரிந்தது. மீனவத் தம்பி ஒருவன் சுவரில் காலை உதைத்து இழுத்துப் பிடித்துவிட்டான். "அண்ணே, போட்ல உங்களைச் சேர்க்க மாட்டோம்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே போதும்.

கம்பம் நின்றது. ஆனால் பக்கத்து மாடியிலிருந்து இதையெல்லாம் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்.

இனிமேல்தான் சிக்கல். அத்தான் கட்ட நினைத்தது டைபோல் என்ற ஆண்டெனா. பெயர்தான் பெரிது; வெறும் தாமிர ஒயர். நீளத்துக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: 143-ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வரும். அத்தானின் 7.1 மெகா ஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர். நடுவில் வெட்டி, கம்பத்து உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கூடாரக் கயிறு மாதிரி பத்துப் பத்து மீட்டர் இறக்க வேண்டும். முன்பக்கம் ஈ.பி. லைன், கூடாது. இடப்பக்கம் சொந்தக் கொல்லை. வலப்பக்கம்? வாத்தியார் வீட்டுச் சுவர். அதில் ஒரு கொக்கி வேண்டும். அவ்வளவுதான்.

"முடியாது" என்றார் வாத்தியார்.

"சார், வெறும் கயிறுதான் சார் உங்க பக்கம்..."

"உங்கப்பாவும் இதேதான் சொன்னார். எண்பதுகள்ல ஒரு ஐப்பசிக் காத்துல இதே கம்பம் என் வீட்டு மேல சாஞ்சுது. அப்ப ஓட்டு வீடு. பதினாலு ஓடு! இன்னிக்கு வரைக்கும் ஒரு ஓட்டுக்குக் காசு வரலை. கணக்கு வெச்சிருக்கேன்."

பி.காம். என்ற முறையில் நான் தலையிட்டேன். பதினாலு ஓட்டின் இன்றைய விலையைத் தந்துவிடுவதாகச் சொன்னேன். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஐந்தாம் வகுப்பு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

வேறு வழியில்லை. வலப்பக்க ஒயரைச் சொந்தக் கைப்பிடிச் சுவரோடு மடக்கிக் கட்டினார் அத்தான். ஒரு மீட்டரை மாட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எஸ்.டபிள்யூ.ஆர். மூணு!"

"அப்படின்னா?"

"ரேடியோவிலிருந்து நான் அனுப்பற பவர்ல நாலுல ஒரு பங்கை ஆண்டெனா ஏத்துக்காம திருப்பி அனுப்புது."

"அட, சேல்ஸ் ரிட்டர்ன்!"

அத்தான் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. வாழ்க்கையில் முதல்முறையாக என் படிப்பு ஒரு ரேடியோவுக்குப் பயன்பட்டது. மீட்டரில் 1.5 வந்தால் நல்லது. ரிட்டர்ன் நூற்றுக்கு நான்குதான். அதற்கு ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பார்க்க வேண்டும். முதலில் நீளமாக விட்டு, அப்புறம் வெட்ட வேண்டும். பேன்ட் தைக்கும் டெய்லருக்குத் தெரிந்த விஷயம்தான்; வெட்டினதை ஒட்ட முடியாது. சாயங்காலம் வரை வெட்டி வெட்டி இரண்டரைக்குக் கொண்டுவந்தார். வாத்தியாரின் சுவர் கிடைக்காமல் அதற்குக் கீழே இறங்கவில்லை.

அப்படியும் அன்று ராத்திரி கொரகொர சத்தத்துக்கு நடுவே இலங்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. தமிழ்க் குரல். "உங்கட சிக்னல் நல்லாக் கேக்குது" என்றது. அத்தானின் அப்பா படம் பார்க்கக் கடலைப் பார்த்து நட்ட கம்பத்தில், மகன் அதே கடலுக்கு அந்தப் பக்கம் பேசிவிட்டார். அக்கா மாடிப்படி வரை வந்து கேட்டுவிட்டு, "சரி, சாப்பிட வாங்க. அவரையும் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள்.

நவம்பரில் கஜா வந்தது.

2018 நவம்பர் 15, சாயங்காலம். புயல் நாகை பக்கம்தான் என்று தெரிந்ததும் அத்தான் கீலைப் பயன்படுத்திக் கம்பத்தை இறக்கிப் படுக்க வைத்தார். வாத்தியார் மாடியிலிருந்து கேட்டாராம்: "புயலுக்குன்னு நட்டதைப் புயலுக்குப் பயந்து இறக்கறீங்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் இறக்கியதுதான் சரி. அந்த நள்ளிரவுக்கு மேல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. மின்கம்பங்கள் தீக்குச்சி மாதிரி ஒடிந்தன. தென்னந்தோப்புகள் படுத்தன. கொல்லைத் தென்னை ஒன்று நேராக மாடியில் விழுந்து, படுத்திருந்த கம்பத்தை வில்லாக வளைத்துவிட்டது.

விடிந்தபோது கரண்ட் இல்லை. செல்போனில் ஒரு கோடு இல்லை. கம்பமும் இல்லை.

சென்னையில் எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அக்கா நம்பரை எத்தனை தடவை அழுத்தினேன் என்று கணக்கில்லை. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். 2004-ல் அத்தான் திருச்சி டீக்கடையில் எப்படி நின்றிருப்பார் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

காலை பதினொரு மணி. தெரியாத நம்பர்.

"சார், நான் சென்னையில ஒரு ஹாம். நாகப்பட்டினத்துலேர்ந்து உங்களுக்கு ஒரு செய்தி. அப்படியே படிக்கிறேன்: 'எல்லாரும் இருக்கோம். வீடு நிக்குது. அக்கா அழலை. நீ அழாதே.' அவ்வளவுதான் சார். லிஸ்ட்ல இன்னும் இருபது பேர் இருக்காங்க. வெச்சுடறேன்."

அழாதே என்று சொன்னதால் அழுதேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. வளைந்த கம்பத்தைப் பார்த்து அத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். வாத்தியார் மழைக்கோட்டோடு கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்திருக்கிறார். அவர் மகன் சென்னையில்.

"கம்பம் இல்லாட்டா பேச முடியாதா?"

அத்தானுக்கு அப்போதுதான் பொறி தட்டியிருக்கிறது. தூர தேசத்துக்குப் பேசத்தான் உயரம் வேண்டும். சென்னை நேர்க்கோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்குள். ஒயரைப் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் படுக்கையாகக் கட்டினால், அலை பெரும்பாலும் நேரே மேலே போகும். அயனி மண்டலத்தில் பட்டு, நீரூற்று மாதிரி சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். பக்கத்து மாவட்டத்தோடு பேச அதுதான் சிறந்த வழி. கம்பமே வேண்டாம். வேண்டியது இரண்டு முனை கட்ட இரண்டு இடம்.

ஒன்று அத்தான் வீட்டுத் தண்ணீர் டேங்க். இன்னொன்று வாத்தியார் வீட்டு மாடி ஜன்னல் கம்பி. கயிற்றை வாத்தியாரே கட்டினார். இன்வெர்ட்டர் பேட்டரியில் ரேடியோ உயிர் பெற்றது. மீட்டரில் 1.5! தெருவில் ஒருவர் விடாமல் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பிற்பகலுக்குள் முப்பத்தோரு செய்தி. மே மாதம் சிரித்த அதே தெரு.

இதைப் படித்துவிட்டு ஆசை வந்தால், கம்பம் வாங்க ஓடாதீர்கள். முதலில் பரீட்சை, லைசென்ஸ். பிறகு ஒரு ஒயர். வாடகை வீடா? கவலை வேண்டாம். 145 மெகா ஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர் குச்சியே போதும்; பால்கனியில் வைத்து உள்ளூரில் பேசலாம். ரொம்ப உயரம் போவதாக இருந்தாலோ, விமான நிலையம் பக்கமாக இருந்தாலோ, அனுமதி விஷயத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுங்கள். அவரிடம் பழைய ஓட்டுக் கணக்கு ஏதாவது பாக்கி இருக்கலாம்.

கஜா வந்து இரண்டு வாரம் கழித்து நாகப்பட்டினம் போனேன். மொட்டைத் தென்னைகள், புதிதாக நட்ட மின்கம்பங்கள். அத்தான் வீட்டு மாடியில் வளைந்த பைப்பை எடுத்துவிட்டு வேறொன்று போட்டு, கம்பம் மறுபடி நின்றது. வலப்பக்க ஒயர் மடங்காமல் நேராக இறங்கி, வாத்தியார் வீட்டுச் சுவரில் முடிந்தது. புத்தம் புதுக் கொக்கி. சுற்றிலும் சிமென்ட் பூசி, பெயின்ட்கூட அடித்திருந்தது.

வாத்தியார் மாடியில் உலாவிக்கொண்டிருந்தார். கையில் ஒரு புத்தகம். ஹாம் பரீட்சைக்கான பாடம்! வயது வரம்பு கீழேதானே இருக்கிறது, மேலே இல்லையே?

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், அந்தப் பதினாலு ஓடு..."

வாத்தியார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நீங்க பி.காம்.தானே? வாராக்கடனை என்ன பண்ணணும்னு காலேஜ்ல சொல்லித் தரலையா? எழுதித் தள்ளியாச்சு. அந்தக் கயித்தை மிதிக்காம அந்தப் பக்கமா போங்க!"